வாயைத் திறங்க, மாமா!

எங்கள் ஊரின் பெயரிலேயே வாய் இருக்கிறது. குடவாசல். பழைய பெயர் குடவாயில். பிரளயத்தில் மிதந்து வந்த அமுதக் குடம் உடைந்தபோது அதன் வாய்ப்பகுதி விழுந்த இடம் என்கிறது தலபுராணம். அமுதம் சிந்தின வாய் என்பதாலோ என்னவோ, எங்கள் ஊர்க்காரர்கள் வாய்க்கு லீவே கொடுப்பதில்லை. பேசுவார்கள். பேச்சு ஓய்ந்தால் வெற்றிலை போடுவார்கள். வெற்றிலை தீர்ந்தால், வெற்றிலை விலை ஏறிப்போச்சு என்று மறுபடி பேச ஆரம்பிப்பார்கள்.

இந்த விஷயத்தில் என் மாமா ஊருக்கே தலைவர். கடைத்தெருவில் உரக்கடை. யூரியா மூட்டைகளுக்கு நடுவே ஒரு மர நாற்காலி. பக்கத்தில் பித்தளை வெற்றிலைச் செல்லம். கும்பகோணம் கொழுந்து வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, கடைசியில் ஒரு துண்டு புகையிலை. இடது கன்னத்தில் ஒதுக்கிவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு 'ம்', 'ம்ஹூம்' இரண்டே பதில்தான். கடன் கேட்டு வருகிறவர்களுக்கு இரண்டாவது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கல் லீவு. "மாப்ளே, கன்னத்துல உள்பக்கம் என்னவோ வெள்ளையா இருக்குங்கறா உங்க அத்தை. என்னன்னு பாரு" என்று மாமா வாயைத் திறந்தார். நான் செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை விநாடி எட்டிப் பார்த்தேன்.

"சுண்ணாம்பு பட்டிருக்கு மாமா. மணத்தக்காளிக் கீரை சாப்பிடுங்க, சரியாப் போயிடும்."

நான் படித்தது பி.காம். அந்த அரை விநாடி மட்டும் டாக்டராக இருந்தேன். அதற்கான ஃபீஸைக் குடும்பமே சேர்ந்து கட்டவேண்டி வந்தது.

தீபாவளிக்குப் போனபோது மாமாவால் ஒரு விள்ளல் இட்லியை வாய்க்குள் வைக்க முடியவில்லை. பிய்த்து, நசுக்கி, ஓரமாகத் தள்ளினார். தஞ்சாவூருக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த டாக்டர், "மூணு விரலை ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கி வாய்க்குள்ள விடுங்க" என்றார். மாமாவுக்கு ஒரு விரல்தான் போயிற்று. சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்தது. கன்னத்தில் புற்றுநோய். கழுத்தில் நெறி கட்டியிருந்த இடத்துக்கும் போயிருந்தது.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஆபரேஷன் பண்ணும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். கதிரியக்கமும் கீமோவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். "கூடவே இன்னொரு மருந்தும் சேர்க்கலாம். மோனோக்ளோனல் ஆன்டிபாடி. விலை ஜாஸ்தி. யோசிச்சுச் சொல்லுங்க" என்று டாக்டர் ஒரு எஸ்டிமேட் தாளைக் கொடுத்தார்.

மாமா தாளைப் பார்த்தார். ரூபாயைத் தஞ்சாவூர்க்காரர்கள் ரூபாயாகப் பார்ப்பதில்லை. "ரெண்டு மா நெலம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "பூச்சி மருந்துன்னா டப்பாவைப் பார்த்தே சொல்லிடுவேன், எதுக்கு அடிக்கணும், எத்தனை மில்லின்னு. இது என்னடா பண்ணும்? நீதான் பத்திரிகையில எல்லாம் எழுதறியே, கேட்டுச் சொல்லு."

ஒரு வாரம் டாக்டர்களை நச்சரித்தேன். ராத்திரியெல்லாம் படித்தேன். மாமாவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எலியின் எச்சில்

கதை எச்சிலில் ஆரம்பிக்கிறது. முகம் சுளிக்காதீர்கள், நோபல் பரிசு வாங்கின எச்சில்.

அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன் என்று ஒரு விஞ்ஞானி. ஆண் எலிகளின் எச்சில் சுரப்பியிலிருந்து சாறு எடுத்து, பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டார். சாதாரணமாக எலிக்குட்டி கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். இந்தக் குட்டிகள் ஒரே வாரத்தில் கண்ணைத் திறந்து கோஹனை முறைத்தன. பல்லும் சீக்கிரமே முளைத்தது. சாற்றிலிருக்கும் ஏதோ ஒன்று தோலை 'வளர், வளர்' என்று விரட்டுகிறது என்று புரிந்துகொண்டு, அதைப் பிரித்தெடுத்து 1962-ல் வெளியிட்டார். மேல்தோல் வளர்ச்சிக் காரணி. சுருக்கமாக இ.ஜி.எஃப். 1986-ல் கோஹனுக்கும், நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடித்த ரீட்டா லெவி-மோன்டால்சினிக்கும் சேர்த்து நோபல் கொடுத்தார்கள்.

நம் எச்சிலிலும் இது இருக்கிறது. வாயைக் கடித்துக்கொண்டால் கையில் பட்ட காயத்தைவிடச் சீக்கிரம் ஆறுகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு.

வேலை செய்யும் விதம் நம் ஆபீஸ் மாதிரிதான். ஒவ்வொரு செல்லின் வெளிச்சுவரிலும் காலிங் பெல் உண்டு. இ.ஜி.எஃப். வந்து பெல்லை அழுத்தினால் உள்ளே மணி அடிக்கும். செல் எழுந்து இரண்டாகப் பிரியும். வேலை முடிந்ததும் மணி நிற்கும், செல் உட்கார்ந்துவிடும்.

புற்றுநோய் செல்லில் இந்த ஒழுங்கு கெட்டுப்போகிறது. வாய், தொண்டைப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் செல்லின் சுவர் முழுக்கக் காலிங் பெல்லாக முளைத்திருக்கும். யாராவது ஒருத்தர் எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருப்பார். செல்லும் பிரிந்துகொண்டே இருக்கும்.

சரி, அந்த பெல்லின் மேல் யாராவது சூயிங்கம்மை ஒட்டிவைத்தால்?

கவட்டையும் கல்யாணமும்

அந்த சூயிங்கம்தான் ஆன்டிபாடி. நம் உடம்பே தயாரிக்கிற சமாசாரம். சின்ன வயதில் மாங்காய் அடிக்க வைத்திருந்தோமே கவட்டை, அந்த உருவம். கவட்டையின் இரண்டு முனைகளும் ஒரே ஒரு பூட்டுக்குத்தான் பொருந்தும். அம்மைக் கிருமிக்கு ஒரு கவட்டை, டைபாய்டுக்கு ஒரு கவட்டை. உடம்பில் லட்சக்கணக்கான ரகம் கலந்து கிடக்கும். வேண்டிய ஒரே ஒரு ரகத்தை மட்டும் கிலோக்கணக்கில் தயாரிப்பது எப்படி?

1975-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இரண்டு பேர் வழி கண்டுபிடித்தார்கள். ஜெர்மனிக்காரர் கோலர், அர்ஜென்டினாவில் பிறந்த மில்ஸ்டைன். கவட்டை செய்யத் தெரிந்த செல்லுக்கு உடம்புக்கு வெளியே ஆயுசு கிடையாது. சில நாளில் செத்துவிடும். அதே வம்சத்தில் வந்த புற்றுநோய் செல் ஒன்றுக்குச் சாவே கிடையாது; ஆனால் உருப்படியான வேலை தெரியாது. இரண்டுக்கும் கல்யாணம் பண்ணிவைத்தார்கள். பிறந்த பிள்ளைக்கு வேலையும் தெரியும், ஆயுசும் கெட்டி. அந்த ஒரு செல் பெருகிப் பெருகி, ஒரே அச்சில் வார்த்த கவட்டைகளாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். மோனோக்ளோனல் என்றால் அதுதான்: ஒரே வித்திலிருந்து வந்தது. சாகாத வரத்தைப் புற்றுநோயிடமிருந்தே திருடி, புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள்.

1984-ல் இவர்களுக்கும் நோபல் கிடைத்தது. ஆனால் இந்த முறைக்குக் காப்புரிமை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். இன்று பல லட்சம் கோடி ரூபாய் புரளும் வியாபாரம். இதைப் படித்த அன்று என் பி.காம். மனசு தூங்கவில்லை.

மாமாவுக்கு இவ்வளவும் சொன்னேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அப்ப கீமோங்கறது பயிர், களை ரெண்டு மேலயும் விழற மருந்து. இது நெல்லை விட்டுட்டு கோரையை மட்டும் தேடிப் பிடிக்கற மருந்து. அதானே?"

நான் நாலு நாள் படித்ததை மாமா நாலு வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஒரு ஷேர் மார்க்கெட் கிளைக்கதை

இ.ஜி.எஃப். காலிங் பெல்லை அடைக்கலாம் என்று 1980-களின் ஆரம்பத்திலேயே யோசித்தவர் ஜான் மெண்டல்சன் என்ற அமெரிக்க டாக்டர். அவர் குழுவினர் உண்டாக்கிய எலி ஆன்டிபாடிதான் பின்னால் எலி பாதி, மனிதன் பாதியாக மாற்றப்பட்டு 'செடுக்ஸிமாப்' என்ற மருந்தாயிற்று. இம்க்ளோன் என்ற சின்ன கம்பெனி அதைக் கையில் எடுத்தது. ஷேர் விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

2001 டிசம்பர் கடைசியில், உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கக்கூட முடியாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திருப்பி அனுப்பிவிட்டது. செய்தி வெளிவருவதற்கு முன்பே கம்பெனித் தலைவர் சாம் வாக்ஸலின் குடும்பத்தார் ஷேரை விற்றார்கள். டி.வி.யில் வீட்டு அலங்காரம் சொல்லிக்கொடுத்து கோடீஸ்வரியான மார்த்தா ஸ்டூவர்ட்டும் கிட்டத்தட்ட 4,000 ஷேரை விற்றார். அவர் மிச்சப்படுத்தியது சுமார் 45,000 டாலர். அவர் சொத்துக்கு அது காப்பிக் காசு. வாக்ஸலுக்கு ஏழு வருஷத்துக்கு மேல் சிறை. மார்த்தாவுக்கு, விசாரணையில் பொய் சொன்னதற்காக ஐந்து மாதம்.

வேடிக்கை என்னவென்றால், மருந்து நல்ல மருந்துதான். 2004 பிப்ரவரியில் குடல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்துவிட்டது. மருந்து பாஸான மறு மாதம் மார்த்தா கோர்ட்டில் ஃபெயில்! 2006-ல் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கும் அனுமதி வந்தது. கதிரியக்கம் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 29 மாதம் தாண்டியிருந்தார்கள். இந்த ஊசியும் சேர்ந்தபோது அது 49 மாதம்.

ஒரு தொல்லை உண்டு. அதே காலிங் பெல் நல்ல தோலிலும் இருக்கிறது. அதனால் செடுக்ஸிமாப் போட்டுக்கொண்டவர்களுக்கு முகமெல்லாம் பரு வெடிக்கும். ஐம்பது வயதில் பதினெட்டு வயதுப் பரு!

ஹவானா வழி பெங்களூர்

மாமாவுக்கு எழுதிக்கொடுத்தது வேறு மருந்து. அதன் பெயர் 'நிமோடுஸுமாப்'. இந்தப் பெயர்கள் வாயில் நுழையாவிட்டாலும் ஜாதகம் மாதிரி அர்த்தம் உள்ளவை. கடைசியில் 'மாப்' வந்தால் மோனோக்ளோனல் ஆன்டிபாடி. 'டு' என்றால் கட்டிக்கு எதிரானது. 'க்ஸி' வந்தால் எலியும் மனிதனும் கலந்தது. 'ஸு' வந்தால் எலி அம்சம் பெரும்பாலும் நீக்கப்பட்டது. மாமா கேட்டுவிட்டு, "எல்லாம் மாப்பு, மாப்புன்னே முடியுது. உன்னைத்தான் கூப்பிடறாங்க மாப்ளே" என்றார். அந்த வலியிலும்.

இது பிறந்தது க்யூபாவில். அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டு கதவைச் சாத்திய தேசம். வாங்க முடியாது, நாமே செய்வோம் என்று உட்கார்ந்தார்கள். ஹவானாவில் மூலக்கூறு நோய்த்தடுப்பியல் மையம் என்று ஒரு நிறுவனம். அவர்களுடைய கவட்டை செடுக்ஸிமாப் அளவுக்கு முரட்டுத்தனமாக ஒட்டுவதில்லை. காலிங் பெல் நெருக்கமாக முளைத்திருக்கும் புற்றுநோய் செல்லில் இரண்டு முனையாலும் பிடித்துக்கொள்கிறது. பெல் குறைவாக உள்ள தோலைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அதனால் பருத் தொல்லை குறைவு.

அதே க்யூபாக்காரர்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். பெல்லை விட்டுவிட்டு, அதை அழுத்த வருகிற இ.ஜி.எஃப்.பையே வழியில் பிடிக்கும் ஆன்டிபாடிகளை நோயாளியின் உடம்பே தயாரிக்கும்படி ஒரு தடுப்பூசி. நுரையீரல் புற்றுநோய்க்கு. 'சிமாவாக்ஸ்' என்று பெயர். அமெரிக்காவில் ரோஸ்வெல் பார்க் மருத்துவமனையிலேயே அதைப் பரிசோதிக்க 2016-ல் அனுமதி கொடுத்தார்கள். தடை போட்ட வீட்டுக்கே பலகாரம் போன கதை.

ஹவானா மருந்து இந்தியாவுக்கு வந்தது பெங்களூர் பயோகான் மூலமாக. பீர் தயாரிப்பு படித்துவிட்டு வந்த கிரண் மஜூம்தார் ஷா 1978-ல் ஒரு கார் ஷெட்டில் தொடங்கிய கம்பெனி. முதலில் தயாரித்தது பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் என்சைம். அதே கம்பெனி க்யூபாக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து 2006-ல் இந்த மருந்தை 'பயோமாப்' என்ற பெயரில் கொண்டுவந்தது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு. புகையிலை மென்று துப்பும் தேசத்துக்குத் தேவையான சரக்கு.

உள்ளூரில் செய்தால் என்ன லாபம் என்பதற்கு இன்னொரு கணக்கு. மார்பகப் புற்றுநோய்க்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆன்டிபாடி ட்ராஸ்டுஸுமாப், 1998-ல் அமெரிக்காவில் வந்தது. 440 மில்லிகிராம் குப்பி இந்தியாவில் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. 2014-ல் பயோகான் தன் குப்பியை 57,500 ரூபாய்க்கு இறக்கியது. போட்டி வந்தால் விலை இறங்கும் என்று முதல் வருஷமே எங்களுக்கு எக்கனாமிக்ஸில் சொல்லிக்கொடுத்தார்கள். உயிர் விஷயத்திலும் அது பலிக்கிறது.

ரெண்டு மா கணக்கு

எல்லாம் சரி, நிலத்தை விற்கலாமா வேண்டாமா?

வாய்ப்புற்றுக்குக் கதிரியக்கத்தோடு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதில் நம் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் முன்னோடி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் பன்னிரண்டு படுக்கையோடு ஆரம்பித்த இடம். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அங்கே அந்த வழியைப் பல வருஷம் முயன்று காட்டினார்கள். அதுதான் அஸ்திவாரம். அதன் மேல் ஆன்டிபாடியையும் சேர்த்தால் எவ்வளவு கூடுதல் லாபம் என்பதுதான் கேள்வி.

மும்பை டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில் முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 536 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். முடிவு 2019-ல் வெளியானது. கீமோவும் கதிரியக்கமும் மட்டும் பெற்றவர்களில், இரண்டு வருஷம் கழித்து நோய் மறுபடி தலைதூக்காமல் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 50. நிமோடுஸுமாப்பும் சேர்த்தவர்களில் 62. மொத்தமாக உயிரோடு இருந்தவர்கள் எண்ணிக்கையிலும் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அது மருந்தால்தான் என்று அடித்துச் சொல்லப் போதாது.

நூற்றில் பன்னிரண்டு பேர். டாக்டர் இதை ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பன்னிரண்டில் மாமா உண்டா என்று சொல்லவும் அவரால் முடியாது.

மாமா வேண்டாம் என்றார். "அந்த ரெண்டு மா உங்க அத்தை சாப்பிடறதுக்கு." அத்தை அதுவரை பேசவே இல்லை. அன்று பேசினார். "நெலம் இருக்கும். கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் வேணுமே." அவ்வளவுதான். நிலம் போயிற்று.

வாரம் ஒரு ஊசி. கூடவே கதிரியக்கம். வாயெல்லாம் வெந்து, மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி. இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. மாமா இருக்கிறார். பேச்சு கொழகொழவென்று வரும். வாய் காய்ந்துகொண்டே இருப்பதால் கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். காரம் ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சென்னை போய் வருகிறோம்.

காப்பாற்றியது க்யூபா மருந்தா, கதிரியக்கமா, கீமோவா? ஒரு ஆளை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. அதற்குத்தான் 536 பேர் வேண்டியிருந்தது. கோயில் பிரசாதம்தான் என்கிறார் அத்தை. நான் வாதாடுவதில்லை.

ஒரு டார்ச், இரண்டு நிமிஷம்

ஆனால் ஒரு கணக்கு எனக்கு இன்னும் டேலி ஆகவில்லை. அந்தப் பொங்கல் அன்று நான் பார்த்த வெள்ளைத் திட்டு.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-லிருந்து ஒரு ஆராய்ச்சி நடத்தினார்கள். 13 பஞ்சாயத்துகள், கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேர். பாதி இடங்களில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுவீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மெஷின் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, கண்ணால் பார்த்ததுதான். சந்தேகமாக இருந்தவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். 2005-ல் முடிவு வந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு, பார்க்காத இடங்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

எலி எச்சில், கேம்பிரிட்ஜ் கல்யாணம், ஹவானா, பெங்களூர் என்று உலகமே உழைத்து மாமாவுக்காக ஒரு வாய்ப்பைக் கொண்டுவந்து கொடுத்தது. அதைவிடப் பெரிய வாய்ப்பு என் பாக்கெட்டிலேயே இருந்தது. செல்போனில் டார்ச் உண்டு. நான் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் முடிந்து டீக்கடை ஓரத்தில் பொட்டலம் கிழிக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 'நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்' என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடிட் சீசனில் ஒரு நாளைக்கு ஆறு பொட்டலம். பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே சேர்த்துவிட்டது. இன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, மூன்று வாரமாக ஆறாத புண், மூன்று விரல் நுழையாத வாய், இதில் எது இருந்தாலும் மறுநாளே டாக்டரிடம் போங்கள். மணத்தக்காளிக் கீரை நல்ல கீரைதான். ஆனால் அது டாக்டர் இல்லை; நானும் இல்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். உரக்கடையில் அதே நாற்காலி, அதே பித்தளைச் செல்லம். எனக்குப் பகீரென்றது. மாமா மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு டார்ச், இரண்டு ஜோடி பேட்டரி.

மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் கூலி வாங்க வந்தார். மாமா பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மொதல்ல வாயத் தொற" என்றார். பார்த்தார். "சரி, போ" என்று கூலியைக் கொடுத்தார். உரம் கடனுக்குக் கேட்டு வந்தவருக்கும் அதே கதிதான். இதுவரை இரண்டு பேரைத் தஞ்சாவூருக்கு அனுப்பியிருக்கிறாராம். ஒருவருக்குத் திட்டு சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள்.

பிறகு டார்ச்சை என் பக்கம் திருப்பினார்.

"நீயும் திற மாப்ளே."

திறந்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். அரை விநாடி இல்லை, நிஜமாகவே ரொம்ப நேரம்.